‘வேலை நேரத்தில்’ என்று எழுதிய பலகை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் எழுதினது மளிகைச் சீட்டும் எப்போதாவது ஒரு கடுதாசியும்தான். ஒன்றைச் சொல்லிக்கொண்டு வரும்போதே இன்னொன்று மறந்துபோகிறது. முன்னே பின்னே இருந்தால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாமே என்பீர்கள். நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

என் அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. மில்லுக்கு விதி வேண்டும் என்று கேட்டு வாங்கினவளே அந்த விதியை மீறினாள், அதனால்தான் போய்ச் சேர்ந்தாள் என்று. அக்கா மகள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். அது அப்படி இல்லை. எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில், பழைய துறைமுகத்துக்குப் போகிற பக்கம், மல்லாட்டை மில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில், ஒன்று இருந்தது. கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியில் மூட்டை மூட்டையாக மல்லாட்டை வரும். அதை மெஷினில் கொட்டித் தோல் உடைத்து, புடைத்து, சொத்தை பொறுக்கி, பருப்பைத் தனியாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அக்கா மெஷின் வாயில் கூடை கொட்டுவாள். நான் பொறுக்குகிற இடத்தில் உட்காருவேன். ஒரே ஒரு இன்ஜின்தான். அதிலிருந்து கூரைக்குக் கீழே ஒரு நீள இரும்புத் தடி ஓடும், அந்தத் தடியிலிருந்து ஒவ்வொரு மெஷின் சக்கரத்துக்கும் ஒரு பெல்ட் இறங்கும். பெல்ட் ஓடும்போது சாட்டையைச் சுழற்றுகிற மாதிரி சத்தம் கேட்கும். தூசி என்றால் அப்படி ஒரு தூசி. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காறித் துப்பினால் செம்மண் கரைத்த மாதிரி வரும்.

முதலாளி கிறிஸ்தவர். சைகோனில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அப்போது எங்கள் ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கொடி மாறினாலும், ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற முசேதான் அவர் எங்களுக்கு, அவர் வீட்டம்மா மதாம்தான். கெட்ட மனுஷர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் எங்களோடு வேலை செய்த பெண்ணுடைய முந்தானை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. இன்ஜின் ஓட்டுகிற டிரைவர் அண்ணன் ஓடி வந்து ஒரு கட்டையால் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தட்டிவிட்டார். புடவை கிழிந்து, கை முறிந்து, உயிர் தப்பியது. அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டைத் தாண்டினோம். அக்கா மட்டும் கேட்டருகே இருந்த முசே எதிரில் போய் நின்றாள். நான் பின்னாலிருந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“சும்மா இரு நீ” என்று என் கையைத் தட்டிவிட்டு, “முசே, அந்த பெல்ட்டுக்கு ஒரு கூண்டு போட்டுக் குடுங்க. பயந்துகினே வேலை செய்ய முடியல” என்றாள்.

முசே தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “நானும் அதான் நினைச்சிகிட்டிருக்கேன். சைகோன்ல நான் இருந்த இடத்துல எது செய்யலாம், எது செய்யக் கூடாதுன்னு சுவத்துல எழுதி மாட்டியிருப்பாங்க. நம்ம மில்லுக்கும் அது மாதிரி ஒண்ணு வேணும். சனிக்கிழமை எல்லாரும் இருங்க. எதெது ஆபத்துன்னு உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சொல்லுங்க” என்றார்.

சனிக்கிழமை இன்ஜினை நிறுத்தின பிறகு, மல்லாட்டை காயவைக்கிற களத்தில் முசேக்கு நாற்காலி போட்டார்கள். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். முசேக்குத் தமிழ் பேச வரும், எழுத அவ்வளவாக வராது. அஞ்சாவது படித்தவள் என்று அக்காதான் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கையில் காகிதமும் பென்சிலும் கொடுத்தார்கள். குனிந்த தலை நிமிராமல் எழுதினேன்.

எங்களில் வயசான ஒரு அம்மா உண்டு. எல்லாருக்கும் அவர் பெரியம்மா. அவர்தான் ஆரம்பித்தார். “இன்னாத்த சொல்றது முசே. டிரைவர் எப்ப இன்ஜினை ஓட்டுவான்னு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. நாங்க கூட்டிகினு இருப்போம், தடதடன்னு கெளப்பிடுவான்.”

டிரைவர் அண்ணன் தூணில் சாய்ந்து நின்றார். “கத்திட்டுத்தான் கெளப்புறேன். உனுக்குக் காது கேக்கலேன்னா நான் இன்னா பண்றது ஆயா.”

“யாருடா ஆயா. உங்க ஆயா வயசா எனக்கு.”

எல்லாரும் சிரித்தோம். முசேயும் சிரித்துவிட்டார். அக்காதான், “கத்துனா கேக்காது முசே, மணி அடிக்கட்டும். மணி அடிச்சதும் எல்லாரும் தள்ளிப் போயிடுவோம்” என்றாள். முசே அதை எழுதச் சொன்னார். அவர் வீட்டில் வேலைக்காரரைக் கூப்பிட வைத்திருந்த பித்தளைக் கைமணியையே மில்லுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பெல்ட்டுக்கெல்லாம் மரச் சட்டத்தில் கம்பிவலை அடித்துக் கூண்டு போட வேண்டும். தூசிக்கு மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்ட வேண்டும், துணியை மில்லே தரும். கைப்பிள்ளைகளைத் தூளி கட்டி வெளியே மர நிழலில் போட வேண்டும், உள்ளே கொண்டுவரக் கூடாது. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருக வேண்டும். கடைசியாக அக்கா, “தலையும் கொண்டைதான் போடணும். பின்னல் தொங்கக் கூடாது, பூவும் வெக்கக் கூடாது” என்றாள்.

அதற்குத்தான் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். “நல்லா இருக்குதே. உனுக்கு இடுப்பு வரைக்கும் முடி கீது, கொண்டை போட்டாலும் அழகாத்தான் இருக்கும். எங்களுக்கு எலுமிச்சங்காயாட்டம் நிக்கும்” என்றாள் ஒருத்தி.

“எலுமிச்சங்கா பெல்ட்டுல மாட்டாதில்ல” என்றாள் அக்கா.

பெரியம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். எல்லாம் சொல்லி முடித்ததும் முசே காகிதத்தை எட்டிப் பார்த்தார். தலைப்பு வேண்டுமே என்றார். பிரெஞ்சில் ஏதோ தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘வேலை நேரத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை’ என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அப்போது யாருக்கும் அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. வேலை நேரத்தில்தானே மெஷின் ஓடுகிறது.

போர்டு எழுதுகிறவர் வந்து கறுப்புப் பலகையில் வெள்ளையாக எழுதி, மெஷின் கூடத்து வாசலுக்குள்ளே மாட்டினார். எங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் குறைச்சல். அதனால் மாசம் பிறந்தால் நான் பலகை எதிரில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் தடவை படித்தபோது எனக்கே நான் படிப்பது கேட்கவில்லை. அக்கா பின்னால் நின்று இடுப்பில் கிள்ளினாள், கத்திவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சத்தம் குறையும்போதெல்லாம் அவள் கை வரும்.

அந்த விதிகள் வந்த பிறகு மில் மாறிப்போனது உண்மை. சாயங்காலம் இருமல் குறைந்தது. மணி அடித்தால் எல்லாரும் சுவரோரம் போய்விடுவோம். அக்கா விடிந்ததும் முதல் காரியமாக இறுக்கிக் கொண்டை போட்டுக்கொள்வாள். ஒரு நாள்கூட அவள் பின்னலோடு வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை. வழியில் பூக்காரம்மா கூப்பிட்டால், “எனக்கு வேலை இருக்கும்மா, ஞாயித்துக்கிழமை வாங்கறேன்” என்பாள். அத்தான் காய்ச்சலில் போனபின் பூவெல்லாம் எதற்கு என்று பேசுகிறவர்கள் பேசினார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயசுகூட இல்லை. மகளுக்கும் வைத்து, தானும் வைத்துக்கொள்வாள்.

ஆயுத பூசையை எங்கள் மில்லில் பெரிசாகச் செய்வோம். முசே கிறிஸ்தவர், அவருக்கு அதில் சம்பந்தம் இல்லை. ஆனாலும் தடுக்க மாட்டார். “அது உங்க பண்டிகை, நீங்க நல்லா செஞ்சிக்குங்க” என்று சொல்லிவிட்டு, மதாமோடு கேட்டுக்கு வெளியே நின்று, பிள்ளைகளுக்கு மிட்டாயும் எங்களுக்கு ஆளுக்கொரு ரவிக்கைத் துணியும் கொடுப்பார். அவரிடம் நாங்கள் அதற்கு மேல் எதிர்பார்த்ததும் இல்லை. கற்பூரம் காட்டுகிற இடத்துக்கு அவர் வர மாட்டார், நாங்களும் கூப்பிட மாட்டோம். அது மரியாதை.

பூசைக்குக் கூண்டுகளையெல்லாம் கழற்றிக் கழுவி வெயிலில் சாய்த்து வைப்போம். அதிலும் சந்தனம் குங்குமம் வைப்போம். உள்ளே சக்கரத்தைத் துடைத்துப் பொட்டு வைத்து, மாலை போடுவோம். கூண்டு இருந்தால் மாலை எப்படிப் போடுவது. கற்பூரம் காட்டி முடிந்ததும் டிரைவர் அண்ணன் இன்ஜினைக் கிளப்பி ரெண்டு சுற்று ஓட்டி நிறுத்துவார். பூசை போட்ட மெஷினைச் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது என்று அவருக்கு அவர் அப்பா சொன்ன வழக்கம். எல்லா மில்லிலும் அப்படித்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன்.

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மில்லுக்குள் பூ. அன்றைக்கு வேலை கிடையாது. கொண்டையும் வேண்டாம், வாய்த்துணியும் வேண்டாம். அதற்கென்றே எல்லாரும் காத்திருப்போம். அந்த வருஷமும் முந்தின நாள் சாயங்காலம் அக்கா பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க் கனகாம்பரம் வாங்கி வந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். காலையில் தலைக்குக் குளித்து, தானே பின்னிக்கொண்டாள். பூவைத் தனக்கு ஒரு முழமும் மகளுக்கு ஒரு துண்டுமாகக் கிள்ளி வைத்தாள். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, “இன்னாடி இது, கல்யாணப் பொண்ணாட்டம். கொண்டைக்காரி எங்க போனா” என்றார்.

“அவளுக்கு இன்னிக்கு லீவு” என்று சிரித்தாள் அக்கா.

அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

பூசை நடந்தது. இப்போது ஒன்று சொல்ல வேண்டும். பூசைக்கு எங்களிடம் வேறே மணி கிடையாது. இன்ஜின் கிளப்புவதற்கு முன்னால் அடிக்கிற அந்தப் பித்தளை மணியைத்தான் எடுத்துப் புளி போட்டு விளக்கி, கற்பூரம் காட்டும்போது ஆட்டுவோம். அன்றைக்கும் ஆட்டினார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகக் கற்பூரம் காட்டினதால் மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்து டிரைவர் அண்ணன் அதே மணியை வாங்கி, விதிப்படி அடித்துவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்பினார். அவர் அடித்தார். அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அதுவும் பூசை மணி என்றுதான் எல்லார் காதிலும் விழுந்தது. நான் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சக்கரத்து மாலை ஒரு பக்கம் நழுவித் தொங்கியிருக்கிறது. அக்கா அதைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறாள். பின்னல் முன்னால் விழுந்திருக்கிறது.

அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

முசே கேட்டுக்கு வெளியே அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். சத்தம் கேட்டதும் பிள்ளையை மதாமிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். அக்காவை அவரே தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். நான் பின் சீட்டில் அக்கா தலையை மடியில் வைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது. ஆனால் என் மடியில் கிடந்த அந்தப் பூவில் ஏதோ வாசனை வந்துகொண்டிருந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். எண்ணெய் வாசனையாக இருக்கலாம்.

அக்காவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னாலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. கொண்டை போடச் சொன்னவளே பின்னல் போட்டு வந்தாளாமே. பலகையில் எழுதியிருக்கே, படிக்கத் தெரியாட்டியும் தங்கச்சிதானே படிக்கிறா. இப்படி. சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலகை இருந்தது, அதில் விதி இருந்தது. விதி இருந்த பிறகு ஒருத்தி செத்தால் அவள்தான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. விதி இல்லாமல் இருந்திருந்தால் பாவம் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.

டிரைவர் அண்ணன் கொஞ்ச நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது, பிள்ளை இருக்கிறாளே. மாசம் பிறந்தது. பலகையைப் படிக்க வேண்டும். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அடுத்த மாசமும் அப்படியே போனது.

அப்புறம் ஒரு நாள் போர்டு எழுதுகிறவர் வந்தார். பலகையில் கடைசியில் இடமில்லை. நெருக்கிப் பிடித்துச் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதினார். ‘பூசை நாளிலும் கூண்டு இல்லாமல் இன்ஜினை ஓட்டக் கூடாது. பூசைக்கு வேறு மணி.’ முசேயே எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, என்னைப் பார்த்து, “நீ படிக்கிறியாம்மா” என்று கேட்டார்.

படித்தேன். பாதியில் சத்தம் இறங்கிவிட்டது. வழக்கமாக இடுப்பில் கிள்ளுகிற இடம் சும்மா இருந்தது. எப்படியோ கடைசி வரி வரைக்கும் போனேன். அதை இரண்டு தடவை படித்தேன்.

பெரியம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். “முசே, இப்ப எழுதினீங்களே, இது முன்னாடி பலகைல இருந்துச்சா.”

“இல்லம்மா.”

“அப்ப அவ எதை மீறுனா. அதை எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. பிள்ளை வளர்றா.”

முசே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம், “அவ எதையும் மீறல. வேலை நாளைக்கு மட்டும் யோசிச்சு நான்தான் பாதி எழுதினேன். அவங்க பண்டிகைன்னு நான் வெளியில நின்னுட்டேன்” என்றார்.

சொன்னார். ஆனால் மெதுவாகச் சொன்னார். அவருக்கும் என்னைப் போலவே, மனசில் இருப்பது பெரிசாக இருந்தால் சத்தம் வராது போலிருக்கிறது. முன்னால் நின்ற எங்கள் சில பேருக்குத்தான் கேட்டது. பின்னால் நின்றவர்கள் என்ன சொன்னார் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டே கலைந்துபோனார்கள். அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே, தெருவில், பழைய பேச்சுதான் ஓடியது.

பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படியும் ஊரை முழுசாக விட்டுக்கொடுத்த வருஷம் முசே மில்லை விற்றுவிட்டு, மதாமோடு கப்பல் ஏறிவிட்டார். வாங்கினவர் அதைக் கிடங்காக்கினார். பலகை எங்கே போனதென்று தெரியாது.

அக்கா மகளை நான்தான் வளர்த்தேன். ஒரு நாள் தண்ணிக் குழாயில் யாரோ அவளிடம், “உங்கம்மா சொன்னதை உங்கம்மாவே கேக்கலடி” என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குடத்தை வைத்துவிட்டு, “அம்மா கொண்டை போட்டுகினு போனாங்களா, இல்லையா. அது மட்டும் சொல்லு சின்னம்மா” என்றாள். பின்னல்தான் என்றேன். ஏன் பின்னல் என்று சொல்ல ஆரம்பித்தேன். பலகையில் மேலே என்ன எழுதியிருந்தது, மணி எது, கூண்டு எங்கே இருந்தது, முசே என்ன சொன்னார், எல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டாள். முடிந்ததும், “நீ தங்கச்சி. நீ அப்படித்தான் சொல்லுவ” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கல்யாணத்துக்கும் பின்னல் போட விடவில்லை. கொண்டைதான். பூ வைத்துக்கொள்ளவே இல்லை. இப்போது அவளுக்கே வயசாகிவிட்டது, முடி கொட்டிவிட்டது, இன்னும் கொண்டைதான்.

எனக்கு வருஷம் சரியாக நினைவில்லை. அந்த ஆயுத பூசை முசே மில்லை விற்றதற்கு முந்தின வருஷமா, அதற்கும் முந்தினதா என்று தெரியவில்லை. கூண்டுகளை அன்று காலையில் கழற்றினார்களா, முந்தின நாளேயா என்பதும் குழப்பமாக இருக்கிறது. கடைசி வரியில் இருந்த வார்த்தைகளும் அப்படியே இல்லாமல் இருக்கலாம். உப்பளத்து மல்லாட்டை மில்லில் அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்கள் வீட்டில் அந்தக் கதையைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதினதைப் பார்த்துத் தப்பு இருந்தால் திருத்துங்கள். எதைத் திருத்தினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அன்றைக்கு முன்வரிசையில் நின்று முசே சொன்னதைக் காதால் கேட்டவர் ஒருத்தராவது உயிரோடு இருந்தால், அக்கா மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நான் தங்கச்சி. நான் சொன்னால் போதவில்லை.